பிடித்த விடையை முதலில் அடி

வாக்கியத் திருத்தக் கேள்விக்கு வழி தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காதை நம்பாதீர்கள். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் நான் இதைக் கண்டுபிடித்தேன். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. நிதானமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: நீளமாக ஓர் ஆங்கில வாக்கியம் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதிக்குக் கீழே கோடு போட்டிருக்கும். அந்தப் பகுதியை ஐந்து விதமாக எழுதிக் காட்டியிருப்பார்கள். முதல் விடை, கேள்வியில் இருப்பது அப்படியே. மற்ற நான்கும் மாற்றி எழுதியவை. எது சரி என்று சொல்ல வேண்டும். நான் எழுதிய எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் இது வரிசையாக வரும். இதில் கோட்டைவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் நல்ல கல்லூரி கூப்பிடாது.

சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஆங்கிலம் எடுத்த பயிற்சியாளர் ஏற்காட்டில் கான்வென்ட்டில் படித்து வளர்ந்தவர். முதல் நாள் அவர் ஒரு வித்தை காட்டுவார். ஒவ்வொரு பேட்சுக்கும் காட்டுவார். எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து வாக்கியத் திருத்தம் செய்யச் சொல்வார். பெயர் எழுதக் கூடாது. தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை வைத்து, அந்த ஆள் எந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்தவர் என்று சொல்லிவிடுவார்.

"இது சேலம் டவுன் பையன், ட்யூஷன் கேஸ். இது ஆத்தூர்ப் பக்கம், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிட்டு சொந்தமா முயற்சி பண்ணியிருக்கு. கை தூக்குங்க யாரு?"

கை தூக்குவார்கள். சரியாக இருக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் முதல் சில தாள்களுக்குக் கைதட்டினேன். அப்புறம் என் தாள் அவர் கையில் வந்தது.

"ஆஹா, இவங்களைப் பாருங்க. இது நாமக்கல் ஹாஸ்டல். அதுலயும் ராசிபுரம் ரோட்டுல இருக்கிற அந்த ஹாஸ்டல். இதே மாதிரி இன்னும் ரெண்டு தாள் வந்திருக்கு. மூணு தாள்லயும் ஒரே தப்பு. காப்பி அடிக்கல, பயப்படாதீங்க. காப்பி அடிக்கத் தேவையே இல்ல. மூணு பேரையும் ஒரே அச்சுல போட்டு எடுத்திருக்காங்க."

அவர் நிறுத்தவில்லை. நான் தேர்ந்தெடுத்த விடைகளை எங்கள் விடுதியின் ராகத்திலேயே படித்தார். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று இழுத்து இழுத்துச் சொன்னார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த லீவ் லெட்டர். வகுப்பே சிரித்தது. "இவங்க எந்த வாக்கியத்தையும் லீவ் லெட்டரா மாத்திருவாங்க" என்றார்.

"சார், இதை எப்படி சார் சரி பண்றது?" என்று எழுந்து நின்று கேட்டேன். மெய்யாகத்தான் கேட்டேன்.

"படிச்சுப் பாக்கணும். எது நல்லாக் கேக்குதோ அதுதான் விடை. அதுக்குக் காது வேணும்மா. காது அஞ்சு வயசுல வரணும். இப்ப வராது. நீங்க இந்தக் கேள்வியை எல்லாம் விட்டுட்டு கணக்கைப் பாருங்க."

அதோடு அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. எங்கள் விடுதியில் விடியற்காலையில் எழுப்பி வராந்தாவில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஆங்கில வாத்தியார் மைக்கில் ஒரு வாக்கியம் சொல்வார். நாங்கள் திருப்பிச் சொல்வோம். கடிதம், கட்டுரை, கேள்வி பதில் எல்லாம் அப்படித்தான். எதற்கும் பொருள் சொல்ல மாட்டார்கள். பொருள் கேட்டால், "அது எதுக்கு உனக்கு? மார்க் வருதில்ல?" என்பார்கள். மார்க் வந்தது. ஆங்கிலத்தில் மாவட்ட அளவில் பேசும்படி வாங்கினேன். கல்லூரிக்குப் போனபோது ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் ஊர் எது என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

இப்போது அந்தப் பள்ளிதான் என்னைத் திரும்பக் கேட்டது. நன்றாக மார்க் வாங்கிய பழைய மாணவர்களைப் பிடித்து அங்கேயே விடுதி ஆசிரியராகப் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். தங்க அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. விடியற்காலையில் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளை ஒப்பிக்க வைக்க வேண்டும். இன்ஜினீயரிங் முடித்து வேலை இல்லாமல் வெண்ணந்தூரில் வீட்டில் இருந்தேன். தாளாளர் அப்பாவுக்குப் போன் செய்து, "புள்ளைய அனுப்பி வையுங்க" என்று சொல்லியிருந்தார்.

அப்பா போர்வெல் ரிக்கில் டிரில்லர். வருசம் பூராவும் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்தால் வண்டி நிற்கும். அப்போதுதான் வீட்டுக்கு வருவார். அந்த மழைக்கு வந்தபோது நான் தேர்வு எழுதப் போவதாகச் சொன்னேன்.

"அவிய தங்கமா வச்சுப் படிக்க வச்சாங்க. கூப்பிடறப்ப போவாம, என்னுமோ எம்.பி.ஏ.ங்கற" என்றார்.

"அங்க போனா நான் செத்துருவேனுங்கப்பா."

"அப்படியெல்லாம் பேசாத சாமி." வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "செரி. இந்த ஒருவாட்டி எழுது. சீட்டு வந்தா போ. வரலீன்னா ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப அங்க போயிரோணும். நான் அவியளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

ஆக எனக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. சீட்டு, இல்லாவிட்டால் அந்த மைக். அதில் பாதியைத் தீர்மானிக்கிற கேள்வியைத்தான் பயிற்சியாளர் விட்டுவிடச் சொன்னார்.

மையத்துக்குக் கீழே ஒரு பேக்கரி. மற்ற இரண்டு தாள்களின் சொந்தக்காரர்களை அங்கேதான் பார்த்தேன். ஒருத்தி ஜேடர்பாளையம். விடுதியில் எனக்கு ஒரு வருசம் இளையவள். இன்னொருவன் அதே பள்ளியின் பையன்கள் விடுதியில் இருந்தவன், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் மகன். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப் போயிருந்தது.

"அந்த ஆளு வண்டி எதுன்னு பாத்து வச்சிருக்கேன். நாளைக்கு ரெண்டு டயரும் எறங்கியிருக்கும் பாரு" என்றான் பட்டறைக்காரன்.

"காத்தைப் புடுங்கி? அவிய ஊட்டுக்கு நடந்து போனா உனக்குக் காது மொளச்சிருமா?" என்றாள் ஜேடர்பாளையத்துக்காரி.

"மொளைக்காது. மனசு குளுரும்."

எனக்கும் மனசு குளிரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் டயர் போதாது. அவர் வித்தை தோற்க வேண்டும். எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டும். அதற்கு நாங்கள் அந்தக் கேள்விகளில் தேற வேண்டும். சீட்டும் அதில்தான் இருந்தது.

பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்தோம். மூன்று பேரும் பேசாமல் தனித்தனியாகக் குறிப்பது, பிறகு ஒப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒப்பிட்டால் பயிற்சியாளர் சொன்னது போலவே இருந்தது. யோசிக்காமல் போட்ட விடைகளில் மூன்று பேரும் ஒன்று. விடைப் பக்கத்தைத் திருப்பினோம். நாங்கள் ஒன்றுபோல் போட்டதெல்லாம் ஏறக்குறைய தப்பு. தயங்கித் தயங்கிப் பிரிந்துபோன இடங்களில்தான் யாராவது ஒருவருக்குச் சரியாக வந்திருந்தது.

பட்டறைக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாம நல்லாருக்குதுன்னு சொன்னா அது நாசமாப் போனதுன்னு அர்த்தம்."

"அதாண்டா!" என்றேன். பேக்கரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எப்பவும் தப்பாவே சொல்ற ஒருத்தன் கூட இருந்தா நல்லதுதானே? அவன் கை காட்ற பக்கம் போவாம இருந்தாப் போதும்."

இதுதான் முறை. முதல் தடவை படித்தவுடன் எந்த விடை இனிக்கிறதோ அதை முதலில் அடி, அதாவது கோடு போட்டு நீக்கு. எங்கள் காது விடியற்காலை வராந்தாவில் வளர்ந்த காது. அதற்குக் கடிதம் மாதிரி கேட்டால் பிடிக்கும். கனமாகத் தொடங்கினால் பிடிக்கும். 'பீயிங்', 'ஹேவிங்' என்று வந்தால் மரியாதையாகத் தெரியும். நீளமாக இருந்தால் மார்க் அதிகம் என்று நினைக்கும். விடுதியில் பக்கத்தை நிரப்பினால்தான் முழு மார்க். தேர்வு வைக்கிறவர்களுக்கும் இது தெரியும். எங்களைப் போன்றவர்களுக்காகவே அந்தப் பொறிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். பொறி எங்கே இருக்கிறது என்று என் காதே காட்டிக்கொடுக்கிறபோது அதைத் திட்டி என்ன பயன்? வேலை வாங்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கான்வென்ட் காது உள்ளவர்களுக்கு வேறு பொறி இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுகிற ஆங்கிலம் தேர்வு கேட்கிற ஆங்கிலம் இல்லை. காது நன்றாக இருப்பதால் அவர்கள் நின்று பார்ப்பதே இல்லை. அவர்கள் எக்கேடு கெட்டும் போகட்டும். நான் என் ஆட்களுக்குச் சொல்கிறேன்.

ஒன்றை அடித்தாகிவிட்டது. மிச்சம் நான்கு. இங்கே பட்டறைக்காரன் உதவினான். நீளமான ஒரு வாக்கியத்தில் நான் மாட்டிக்கொண்டு திணறியபோது, "பாடியைக் கழட்டுப்புள்ள. சேசிஸைப் பாரு" என்றான். நாமக்கல்லுக்கு லாரி வெறும் சேசிஸாகத்தான் வரும். என்ஜின், சக்கரம், இரும்புச் சட்டம், அவ்வளவுதான். கேபினும் பலகையும் பூவேலையும் பட்டறையில் ஏற்றுவது. வாக்கியமும் அப்படித்தான். இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் இருப்பதைத் தூக்கி ஓரமாக வை. 'இன்' என்றும் 'ஆஃப்' என்றும் தொங்குகிற துணுக்குகளைக் கழற்று. யார், என்ன செய்தார், அது மட்டும் மிஞ்சட்டும். செய்தவர் ஒருவரா பலரா, வினை அதற்குப் பொருந்துகிறதா என்று பார். நடுவில் ஏற்றிய சரக்கைப் பார்த்து வினையைப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பிறகு விடைகளைக் கிடைவாக்கில் படிக்காமல் மேலிருந்து கீழே பார். எந்த இடத்தில் ஒன்றுக்கொன்று மாறுகிறது? இரண்டில் 'ஹேஸ்', இரண்டில் 'ஹேவ்' என்றால் அந்த ஒரு இடத்திலேயே பாதி விடை போய்விடும். முழு வாக்கியத்தையும் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டுகிறவர்கள் கடைசியில் எதைப் படித்தார்களோ அதில் விழுவார்கள். 'இட்', 'தே' என்று வந்தால் அது யாரைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்டு. காட்ட முடியாவிட்டால் அந்த விடை போகட்டும். ஒப்பிடுகிற வாக்கியம் வந்தால் எதை எதோடு ஒப்பிடுகிறான் என்று பார். எடப்பாடியின் தறிகளைச் சேலத்தோடு ஒப்பிட முடியாது. சேலத்தின் தறிகளோடுதான் ஒப்பிட வேண்டும். பாதிப் பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இவ்வளவும் வந்த பிறகும் எங்களுக்கு ஒரு நோய் மிஞ்சியிருந்தது. முதல் விடையை, அதாவது கேள்வியில் இருக்கிறபடியே சரி என்பதை, நாங்கள் மூன்று பேரும் ஒருமுறைகூடப் போடவில்லை. ஜேடர்பாளையத்துக்காரிதான் இதைக் கவனித்தாள்.

"ஏன் புள்ள நாம இதை மட்டும் தொடவே இல்ல?"

"தப்பு இல்லாம எதுக்குக் கேள்வி கேக்கறாங்க?" என்றான் பட்டறைக்காரன்.

"சரியா இருக்குதான்னு கேக்கறதுக்கு."

இது எங்களுக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது. நாங்கள் எழுதிய எந்தப் பக்கமும் சிவப்பு மை இல்லாமல் திரும்பி வந்ததில்லை. தப்பே இல்லாத வாக்கியம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எங்களை விடவில்லை. அந்த விடுதியின் மேல் எனக்கு அதுவரை வெறுப்பு இருந்தது. அன்றைக்கு அது பழிவாங்கும் எண்ணமாக மாறியது.

ஐப்பசி வரை பேக்கரியிலேயே இருந்தோம். தேர்வுக்கு முந்திய கடைசி மாதிரித் தேர்வு வந்தது. அன்றைக்குப் பயிற்சியாளர் உற்சாகமாக இருந்தார். அன்றும் பெயர் எழுதாத விடைத்தாள்களை வைத்துக்கொண்டு வித்தையை மறுபடி காட்ட ஆரம்பித்தார். "நீங்க எவ்வளவு மாறியிருக்கீங்கன்னு பாப்போம். ஆனா ரத்தத்துல இருக்கிறது மாறாது" என்று சிரித்தார். பத்துப் பதினைந்து தாள் போனது. பிறகு ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது நம்ம மலை. சந்தேகமே இல்ல, ஏற்காடு. இதுதான் காது. இங்கிலீஷோட பொறந்து வளர்ந்த குழந்தை. எழுந்திருங்க, எல்லாரும் பாக்கட்டும்."

நான் எழுந்தேன்.

பின்னாலிருந்து பட்டறைக்காரன் குரல் வந்தது. "ஏனுங்க சார், வெண்ணந்தூர்ல எப்பங்க சார் ஏற்காடு மொளச்சுது?"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. முதல் நாள் எங்களைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். அவர் முகம் சிவந்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கக் கிடைத்திருந்தால் பார்த்திருப்பேன்.

"யாரைப் பாத்துப் போட்டீங்க?" என்றார்.

"நானே போட்டேன் சார்."

"அப்ப இங்க வந்து போடுங்க." புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியைப் போர்டில் எழுதினார். வாக்கியம் நான்கு வரி ஓடியது. நான் போய் சாக்பீஸை வாங்கினேன். முதலில் எனக்குப் பிடித்த விடையை அடித்தேன். எதற்கு அடித்தாய் என்று கேட்டார். "எனக்குப் பிடிச்சிருக்குதுங்க சார், அதனால" என்றேன். மறுபடி சிரிப்பு. வாக்கியத்தின் நடுவில் இருந்ததை எல்லாம் வெட்டினேன். மிச்சத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒன்று நின்றது. அதுதான் விடை.

"விடை சரி. வழி தப்பு. இது குருட்டு அடி" என்றார். "காது இல்லாதவங்க பண்ற வேலை."

"காது இல்லாதவங்களுக்கு வேற என்னங்க சார் வழி சொன்னீங்க நீங்க?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வகுப்பைக் கெடுக்கிறேன் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா அப்போது வடக்கே ரிக்கில் இருந்தார். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் கத்தினார். "வாத்தியார்கிட்ட ஏஞ்சாமி வம்பு பண்ணுன? உனக்கு இந்தப் பரீச்சை ஆவாதுங்கறார் அவரு. பள்ளிக்கூடத்துலயும் கேட்டுட்டே இருக்கறாங்க. புள்ள வந்துரும்னு நான் சொல்லிப்போடட்டுமா?"

"பரீச்சை முடியட்டுங்கப்பா."

"செரி. ஆனா வாக்கு வாக்குதான்."

தேர்வு சேலத்துக்கு வெளியே ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கையில் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள், துப்பட்டாவை உதறிக் காட்டச் சொன்னார்கள். உள்ளே ஏசி குளிர். ஆங்கிலப் பகுதி வந்தது. முதல் கேள்வியைப் படித்தேன். இரண்டாவது விடை வராந்தாவிலிருந்து வந்து என் தோளில் கை போட்டது போல இருந்தது. அடித்தேன். ஒவ்வொன்றிலும் பழைய நண்பனைப் போல ஒருத்தன் வந்து நின்றான். ஒவ்வொருத்தனாக அடித்துக்கொண்டே போனேன். ஆங்கில வாத்தியாரை அடிப்பது போல இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு கேள்வியில் எங்கே தேடியும் குற்றம் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் விடையைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஆங்கிலத்தில்தான் எனக்கு மிக அதிகம் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பங்குனியில் சீட்டு வந்தது. போனில் சொன்னபோது அப்பா, "நான் அவியளுக்கு என்ன சொல்றது?" என்றார். அவர் சந்தோசப்பட்டது அம்மா சொல்லித்தான் தெரியும்.

மற்ற இருவருக்கும் வரவில்லை. பட்டறைக்காரன் கவலைப்படவில்லை. அப்பாவோடு பாடி கட்டப் போய்விட்டான். ஜேடர்பாளையத்துக்காரிக்கு ஆங்கிலம் வந்து கணக்கு காலை வாரியது. இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னாரே, அந்தக் கணக்கை அவர்கள் ஒழுங்காக எடுக்கவே இல்லை.

சித்திரையில் ஒரு நாள் பட்டறைக்காரன் படம் அனுப்பினான். பயிற்சி மையத்து வாசலில் பெரிய ஃபிளக்ஸ். அதில் என் முகம். பக்கத்தில் பயிற்சியாளர் கை கட்டிக்கொண்டு நிற்கிறார். 'எங்கள் மாணவி' என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை புது பேட்சுக்கு ஆள் சேர்க்கும் நாள். காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். சண்டை போடவில்லை. ஃபிளக்ஸுக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பெற்றோர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"நீதானா அம்மிணி இது?"

"ஆமாங்க, நான்தான்."

"நல்லாச் சொல்லித் தராங்களா?"

"தெரியலீங்க. பரீச்சைக்கு முன்னாடி என்னைத் தொரத்தி உட்டுட்டாருங்க. கீழ பேக்கரியில உக்காந்து நாங்களே படிச்சோம். அங்க பப்ஸ் நல்லாருக்கும்."

வந்தவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன். பாதிப் பேர் மாடிப்படி ஏறாமல் திரும்பினார்கள். பயிற்சியாளர் இறங்கி வந்து, உனக்கு நன்றி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார், அதனால்தான் வந்திருக்கிறேன் என்றேன். மத்தியானத்துக்குள் அவர் ஆளே ஏணி வைத்து ஃபிளக்ஸை அவிழ்த்தான். அவிழ்த்து முடித்து, சுருட்டி உள்ளே கொண்டுபோகும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

விடுதி மிச்சம் இருந்தது. அப்பா வாக்குக் கொடுத்த இடம் என்பதால் நானே நேரில் போய் மறுப்பது என்று முடிவு செய்தேன். ஜேடர்பாளையத்துக்காரியும் கூட வந்தாள். கோடை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தாளாளர் சால்வையோடு தயாராக இருந்தார். பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னை மேடை ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார். ரெண்டு வார்த்தை பேசு சாமி என்றார். இதற்காகத்தான் இத்தனை வருசம் காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்க உங்களை ஒப்பிக்க வைக்கிறதை எல்லாம் நம்பாதீங்க" என்றேன்.

கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள்: "இங்க உங்களை ஒப்பிக்க வைக்கிறதை எல்லாம் நம்பாதீங்க."

மேற்கொண்டு என்ன சொன்னாலும் அப்படித்தான் ஆனது. தாளாளர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பிள்ளைகளின் ஒழுங்கைப் பார்த்தாயா என்றார். நான் மைக்கை வைத்துவிட்டு, அவர் அறையில் போய், வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். "பரவால்ல, நல்லா இரு. அந்த எடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார். ஒரு கீறல்கூட விழவில்லை அவருக்கு.

"நான் வாரேனுங்க" என்றாள் ஜேடர்பாளையத்துக்காரி.

வெளியே வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்துக்கொண்டு திட்டினேன். பைத்தியமா, இதற்குத்தானா அத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று கத்தினேன். கணக்கை மட்டும் படித்து அடுத்த வருசம் எழுது, நான் உதவுகிறேன் என்றேன்.

"நீ மைக்குல சொல்ற. மைக்குல எதைச் சொன்னாலும் ஒப்பிச்சுப்போடும் இதுக. பக்கத்துல உக்காந்துதான் சொல்லோணும்" என்றாள். "நான் போவலீன்னா இன்னொருத்தி வருவா. அவ ஒப்பிக்க வைப்பா. நானே போறேன். உள்ள இருந்து கெடுக்கறேன்."

"உன்னைத் தொரத்திருவாங்க."

"தொரத்தட்டும். அதுக்குள்ள எத்தனை பேரைக் கெடுக்க முடியும்னு பாக்கறேன்."

ஜூனில் நான் கல்லூரிக்கு ரயில் ஏறினேன். அதே வாரம் அவள் விடுதி ஆசிரியர் அறையில் பெட்டியை வைத்தாள். முதலில் எல்லாம் போனில் அழுவாள். பிறகு அழுகை நின்றது. என்ன செய்கிறாய் என்று கேட்டால், "நாலு நாலு பேரா உக்கார வச்சுப் பேசிட்டிருக்கேன்" என்பாள்.

தை மாதம் ஒரு நாள் வகுப்புக்குப் போகும் வழியில் போன் வந்தது. தாளாளர்.

"உன்ற சிநேகிதிகிட்டக் கொஞ்சம் சொல்லி வை சாமி. நல்ல புள்ளதான். ஆனா என்னுமோ பண்ணி உட்டுருச்சு. வாத்தியார் ஒண்ணு சொன்னா, புள்ளைக அது எப்படிங்க சார்னு கேக்குதுக. இதுக்கு அர்த்தம் என்னங்கறாங்க. புஸ்தகத்துலயே தப்பு இருக்குதுங்கறாங்க. பழைய வாத்தியாரு ஒருத்தர் வேலையை உட்டுப் போறங்கறாரு. இப்படியே போனா ரிசல்ட் என்னாவறது?"

"எந்த வாத்தியாருங்க?"

"அந்த இங்கிலீஷ் வாத்தியாருதான்."

"போறதுனா போவட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.